இசைக்கருவியும் வீட்டுக் கணினியும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, சங்கச் செய்யுளொன்றின் நயத்தையோ நம்மூர்ப் புலவரொருவரின் வரலாற்றையோ எழுதித் தருவேனென்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவன் மின்னிசைக் கருவியையும் கணினியையும் பற்றி எழுதப் புகுவது, தவிற்காரர் பஞ்சாங்கங் கணிக்கப் புகுவது போலச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் இப்பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு உள. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் அன்போடு அனுப்பிய கீபோட்டுகள் நம் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் அலுமாரிக்குள் உறங்குகின்றன. அடுத்த அறையிலே கணினிகள் வேறாக உறங்குகின்றன. இரண்டையும் இணைத்தல் எவ்வாறு என்று கேட்கும் மாணவர்க்கு விடை சொல்லுதல் ஆசிரியனுடைய கடனாகும். இது முதற் காரணம். மற்றதனை இறுதியிற் கூறுவேன்.

தமிழுக்கும் இசைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே வேலி எதுவும் இல்லையென்பதை நமக்குக் காட்டியவர் சுவாமி விபுலாநந்தர் ஆவர். மயில்வாகனன் என்னும் பிள்ளைத் திருநாமமுடைய அப்பெரியார் 1912 இற் கொழும்பில் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராயினார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். உடுவிலிலிருந்து மானிப்பாய்க்குச் சைக்கிளில் நொடிப்பொழுதிற் போய்விடலாம். அவர் இயற்றிய யாழ் நூல் 1947 இல் அரங்கேறியது; அவ்வாண்டிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். நரம்பின் நீளத்தையும் சுரத்தின் அதிர்வையும் எண்களாக்கி, மறைந்துபோன யாழைக் கணக்கின் வழியே மீட்க முயன்ற நூல் அது. இசையை எண்ணாக எழுதலாம் என்பதே இன்றைக்கு நாம் ஆராயவிருக்கும் பொருளின் அடிப்படையுமாம்.

எழுத்தும் ஒலியும்

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு வடிவம் உண்டென்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஏட்டிலுள்ள ‘அ’ என்னும் வரி ஒலியன்று. அதனைக் கண்டவன் தன் வாயினால் எழுப்புவதே ஒலி. இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டால் நமது பொருளிற் பாதி விளங்கிவிடும்.

மின்னிசைக் கருவியைக் கணினியோடு இணைக்கும் வழிகளும் அவ்வாறே இரண்டாம். கருவியிலிருந்து புறப்படும் ஒலியையே மின்னலையாக்கிக் கணினியினுள் அனுப்புதல் ஒருவழி, இது ஒலிவடிவம். ‘இன்ன கட்டையை, இவ்வளவு விசையோடு அழுத்தினேன், இப்பொழுது விட்டேன்’ என்னும் செய்தியை மட்டும் எண்களாக அனுப்புதல் மற்றவழி, இது வரிவடிவம். பின்னதனையே உலகம் ‘மிடி’ என்று வழங்குகின்றது. மிடி வழியே செல்வது ஓசையன்று, கட்டளை. வித்துவான் பாட்டைப் பாடி அனுப்புவதற்குப் பதிலாகச் சுரதாளக் குறிப்பை எழுதி அனுப்புவதை ஒக்கும். குறிப்பைப் பெற்றவர் அதனை வீணையிலும் வாசிக்கலாம், குழலிலும் ஊதலாம். கணினியும் அவ்வாறே பெற்ற குறிப்பைத் தான் விரும்பிய குரலில் ஒலிக்கச் செய்யும்.

இவ்விரண்டினுக்குமுள்ள அளவு வேற்றுமை பெரிது. இசைத்தட்டுத் தரத்தில் ஒலியைப் பதிவதாயின் ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகளை, இரண்டு செவிக்கும் தனித்தனியே, ஒவ்வொன்றும் 16 பிற்று அளவில் எழுதவேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற்று ஆகும். 3,000 சுரங்களைக் கொண்ட பாடலொன்றை மிடியாக எழுதினாலோ, அழுத்தியதற்கு மூன்றும் விட்டதற்கு மூன்றுமாகச் சுரமொன்றுக்கு ஆறு பைற்று. மொத்தம் 18,000 பைற்று. காலக்குறிப்புகளைச் சேர்த்தாலும் ஒரு சிறு புகைப்படத்தின் அளவுக்கு வராது.

பிறந்த வரலாறு

1980 ஆம் ஆண்டளவில் மின்னிசைக் கருவி செய்யும் கொம்பனிகள் பலவாயின. ஆனால் ஒரு கொம்பனியின் கருவி மற்றதனோடு பேசாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழி இருந்தது. அமெரிக்கரான டேவ் சிமித் என்பார் 1981 இல், எல்லாக் கருவிக்கும் பொதுவான இணைப்பு மொழியொன்று வேண்டுமென்று ஒலிப்பொறியியலாளர் மாநாட்டில் எடுத்துரைத்தார். யப்பானிய றோலண்ட் கொம்பனியை நிறுவிய இக்குத்தாறோ ககெகாசி அம்முயற்சிக்குத் தோள்கொடுத்தார். 1983 சனவரியில், கலிபோர்ணியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சிமித்தின் கருவியொன்றும் றோலண்ட் கருவியொன்றும் ஒரு வயரினால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. போட்டியிட்டு வாணிகம் செய்தவர் ஒரு மொழிக்கு உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டைப் பாராட்டி 2013 இல் அவ்விருவர்க்கும் தொழினுட்பத்துக்கான கிறாமி விருது அளிக்கப்பட்டது.

வீட்டுக் கணினியும் அக்காலத்திலேயே எழுந்தது. 1984 இல் யமஹா கொம்பனி ‘சீ. எக்ஸ். 5 எம்’ என்னும் வீட்டுக் கணினியை வெளியிட்டது; இசை எழுப்பும் உறுப்பும் மிடித் துளைகளும் அதிலேயே இருந்தன. 1985 இல் வந்த அற்றாரி எஸ். ரி. என்னும் கணினியும் மிடித் துளைகளோடு பிறந்தது. தமிழ்நாட்டிலே, இளையராஜா இசையமைத்து 1986 இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி வழிக் கோவையிசை கையாளப்பட்டமை இசையன்பர் அறிந்த செய்தி. பின்னர் 1989 இல், ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளவிலேயே ‘பஞ்சதன்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். கணினியும் மின்னிசைக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிய கூடம் அது. 1992 இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அவருக்குத் தேசிய விருதைத் தேடித் தந்தது.

அப்பாடல்களை என் வயதினர் எவ்வாறு கேட்டோம் என்பதனை இக்கால மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. நின்ற மின்சாரம் பல ஆண்டுகள் வரவில்லை. போத்தல் விளக்கிற் படித்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி ஒருவர் மிதிக்க, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி பாடும். மிதிப்பவன் களைத்தாற் பாட்டும் களைக்கும். கடலுக்கு அப்பால் ஒருவர் கணினியைக்கொண்டு அமைத்த இசையை, இப்பால் நாம் காலால் மிதித்துக் கேட்டோம். அன்று மிதித்தவர்களின் பிள்ளைகள் இன்று கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கருவி கிடைத்துவிட்டது. கையாளும் முறையைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

வயரினுள் நடப்பது யாது?

பழைய மிடித் துளை வட்டமானது. ஐந்து ஊசிகள் உடையது. அவற்றுள் மூன்றே தொழிற்படுவன. செக்கனுக்கு 31,250 பிற்று என்னும் வேகத்தில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எட்டுப் பிற்று கொண்ட பைற்று ஒவ்வொன்றும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் பெற்றுப் பத்துப் பிற்றாகச் செல்லும். ஆகவே ஒரு செக்கனில் 3,125 பைற்றுகள் செல்லலாம்.

நடு ஸ்தாயியின் முதற் கட்டையை அழுத்தினால் 144, 60, 100 என்னும் மூன்று எண்கள் புறப்படுகின்றன எனக் கொள்வோம். 144 என்பது ‘முதலாம் தடத்தில் ஒரு சுரம் தொடங்குக’ என்னும் வினை. 60 என்பது எந்தச் சுரமென்னும் பெயர். அடுத்த கருங்கட்டை 61, அதற்கடுத்த வெண்கட்டை 62 என ஏறிச் செல்லும். 100 என்பது அழுத்திய விசையின் அளவாகிய அடை. வினை, பெயர், அடை எனத் தொடரிலக்கணம் இங்கும் உளதாதல் காண்க. கையை எடுத்தவுடன் ‘சுரம் முடிக’ என்னும் செய்தி செல்லும்.

பெயரும் அடையும் 0 முதல் 127 வரையுள்ள எண்களாகவே இருக்கும். 128 முதலானவை வினைக்கென ஒதுக்கப்பட்டவை. ஆதலாற் கேட்கும் கருவி, எது கட்டளை எது அளவு என்று ஒருபோதும் மயங்குவதில்லை. தடங்கள் 16 உண்டு. ஒரே வயரில் ஒரு தடத்திற் சுருதியும், இன்னொன்றில் வயலினும், வேறொன்றில் மிருதங்கமும் கலவாது செல்லலாம்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பெறும் கருவியின் வாயிலில், வந்த மின்னோட்டம் ஒரு சிறு விளக்கை ஒளிரச் செய்ய, அவ்வொளியை எதிரேயுள்ள ஒளியுணரி காண்கின்றது. செய்தி ஒளியாகவே கடக்கிறது. இரண்டு கருவிக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. ஒன்றிலுள்ள இரைச்சல் மற்றதனுட் புகாதிருத்தற்கும், ஒன்றிற் பழுது நேரின் மற்றது காக்கப்படுதற்கும் இதுவே காரணம்.

இணைக்கும் முறை

முதலாவதாகக் கீபோட்டின் பின்புறத்தைப் பார்க்க. 1999 இல் யூ. எஸ். பி. வழியே மிடி செல்லும் முறை வகுக்கப்பட்டபின், காலப்போக்கிற் பெரும்பாலான கருவிகள் சதுர வடிவான யூ. எஸ். பி. துளையோடு வரலாயின. அச்சுப்பொறியைக் கணினியோடு இணைக்கும் வயரே இதற்கும் பொருந்தும். கல்லூரி அலுவலகத்தில் அது கட்டாயம் இருக்கும். ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட நீளம் ஆகாது.

பழைய கருவியாயின் வட்டத் துளைகளே இருக்கும். ஒரு புறம் யூ. எஸ். பி. முனையும் மறுபுறம் இரண்டு வட்ட முனைகளும் உடைய இணைப்பு வயர் வேண்டும். இங்கேதான் யான் தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாணி விழாவுக்கு ஆயத்தஞ் செய்தபோது, ‘உள்’ என்று பொறித்த முனையைக் கருவியின் ‘உள்’ துளையிலும், ‘வெளி’ என்று பொறித்ததை ‘வெளி’த் துளையிலும் செருகினேன். இரண்டு மணி நேரம் முயன்றும் கணினி வாய் திறக்கவில்லை. பிழை யாதென்று கண்டவன் பத்தாம் வகுப்பு மாணவன். கருவியிலிருந்து வெளியேறுவது கணினியின் உள்ளே போகவேண்டும். ஆகவே வயரின் ‘உள்’ முனை கருவியின் ‘வெளி’த் துளைக்கே உரியது. “சேர், ஒருவர் சொல்ல மற்றவர் கேக்க வேணும், நீங்கள் ரெண்டு காதையும் ஒண்டாய் வைச்சிட்டியள்” என்றான் அவன். அதனினும் தெளிவான விளக்கத்தை யான் இன்றுவரை எந்நூலிலும் கண்டதில்லை.

அன்றைய துன்பம் அதனோடு முடியவில்லை. அவ்வயர் மிக மலிவானது. மேடையில் விரைவான பகுதி வந்தபோது சில சுரங்களை விழுங்கியது. ஒரு சுரத்தின் முடிவுச் செய்தி தொலைந்தமையால் அச்சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டேயிருந்தது. சபை சிரித்தது, வாசித்த பிள்ளை அழுதாள். மலிவான வயர்களுள் ஒளிவழிக் காப்பு இல்லாதனவும் செய்தி நெருங்கும்போது திணறுவனவும் உண்டென்பதை அதன்பின் அறிந்தேன். விழாவுக்கு முந்திய நாளில் முழு நிகழ்ச்சியையும் அதே வயரோடு ஒத்திகை பார்த்திருந்தால் அந்தப் பிள்ளையின் கண்ணீரைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவது, கணினியில் மென்பொருள் வேண்டும். சுரங்களை மேனாட்டுக் குறிப்பாக எழுதிக் காண்பதற்கு மியூஸ்ஸ்கோர், பல தடங்களை அடுக்கி இசை அமைப்பதற்கு எல். எம். எம். எஸ்., குரலையும் கருவியொலியையும் பதிவதற்கு ஓடாசிற்றி ஆகியவை விலையின்றிக் கிடைப்பன. மென்பொருளின் அமைப்புப் பகுதியில் உள்வரும் மிடிக் கருவியாக உங்கள் கீபோட்டைத் தெரிவுசெய்க. கணினி இல்லாத மாணவரும் சோர வேண்டா. 2015 இல் வந்த ஆறாம் அன்றொயிட் முதற்கொண்டு கைபேசிகளும் மிடியை ஏற்கும். சிறு இடையிணைப்பு ஒன்று போதும்.

மூன்றாவது, ஒரு கட்டையை அழுத்த இரண்டு ஒலி கேட்குமாயின் அஞ்சற்க. கருவி தானும் ஒலித்து, கணினியிடமிருந்து திரும்பிவரும் செய்தியையும் ஒலிக்கின்றது. கருவியின் அமைப்பில் ‘லோக்கல்’ என்னும் பகுதியை நிறுத்திவிட்டால் இரட்டை ஒலி நீங்கும்.

நான்காவது, ஒலிவடிவத்தைப் பதிய விரும்பினால், கருவியின் ஒலி வெளித்துளையிலிருந்து கணினியின் ஒலி உட்துளைக்கு வேறொரு வயர் செல்ல வேண்டும். அப்பொழுது ‘ம்ம்’ என்னும் இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் இயக்கிப் பார்க்க. பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். மின்வெட்டு நம்மவர்க்குப் புதிதன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையைச் சேமித்தல் நன்று.

மாத்திரையும் தாமதமும்

கட்டையை அழுத்திச் சற்றுப் பின்னரே கணினியில் ஒலி எழுவதைக் கண்டு, கருவி பழுதென்று கைவிட்டார் பலர். மாத்திரைக்குக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவாக வைத்தார் தொல்காப்பியர். கண்ணிமைப்பதற்குப் பத்திலொரு செக்கனாவது செல்லும். ஆனால் வாசிப்பவன் விரலும் செவியும் அதனினும் நுண்ணிய தாமதத்தை உணரும். ஆயிரத்தில் இருபது செக்கனளவைத் தாண்டினால் விரலுக்கு ஒலி பின்தங்குவதாகப் பலர்க்குத் தோன்றும்.

இத்தாமதம் வயரினால் வருவதன்று. மூன்று பைற்றுச் செய்தி வயரைக் கடக்க ஆயிரத்திலொரு செக்கனும் ஆகாது. கணினி ஒலியைச் சிறுசிறு கூறுகளாகச் சேர்த்து வைத்துப் பின் வெளியிடுவதே காரணம். ஒரு கூறில் 256 மாதிரிகள் இருந்தால் அதற்கு ஆயிரத்தில் 6 செக்கனளவு செல்லும். 2,048 இருந்தால் 46 செல்லும். மென்பொருளில் இக்கூற்றின் அளவை 256 அல்லது 128 ஆகக் குறைக்க வேண்டும். மிகக் குறைத்தாற் கணினி மூச்சு முட்டி ஒலி வெடிக்கும். வின்டோஸ் கணினியில் ‘ஆசியோ’ என்னும் செயலியை நிறுவிக்கொள்ளுதல் உதவும். ஒலி காற்றிற் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாதலின், ஆயிரத்திற் பத்துச் செக்கன் தாமதமென்பது நாதசுரகாரரிடமிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நின்று தாளம் தவறாது வாசித்த தவில் வித்துவான்கள் நம் கோவில் வீதிகளில் எத்தனை பேர்!

கமகம் எங்கே?

இணுவிலும் மருதனார்மடமும் உடுவிலுக்கு அயலூர்கள். இணுவில் விசுவலிங்கத்தின் மகனாய்த் தோன்றிய தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்த மண் இது. 1960 இல் மருதனார்மடத்தில் தோன்றி 1975 இற் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வாயிலாக இசைபயின்றவர் வீடுதோறும் உளர். இத்தகைய ஊரிற் கட்டைக் கருவியைப் புகழ்ந்து பேசுபவன் ஒரு வினாவுக்கு விடை சொல்லியே தீரவேண்டும்: கமகம் எங்கே?

இவ்வினா புதிதன்று. ஆர்மோனியம் நிலைத்த சுரங்களையே உடையது, நம் இசையின் அசைவைத் தராது என்னும் கருத்தினால், அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. கீபோட்டிலும் அக்குறை உண்டு. சட்சத்தின் அதிர்வு 240 எனக் கொண்டால் இயல்பான அந்தர காந்தாரம் 300 ஆகும். கீபோட்டு தருவதோ 302.4. தம்புராவோடு சேர்த்துக் கேட்கும் பயின்ற செவி இவ்வேற்றுமையை உணரும். பஞ்சமம் 360 ஆதல் வேண்டும், கீபோட்டில் 359.6. இது பெரிதும் உறுத்தாது.

மிடியில் இதற்கு ஒரு மருந்துண்டு. கருவியின் இடப்புறத்தேயுள்ள வளைவுச் சில்லைச் சுழற்றினாற் சுரம் மேலுங் கீழும் வழுக்கிச் செல்லும். அச்செய்திக்கு 16,384 படிகள் உள. வழக்கமாக மேல் இரண்டு கட்டை, கீழ் இரண்டு கட்டை அளவுக்குள் அவை பகிரப்படும். செவி பிரித்தறியும் எல்லையினும் நுண்ணிய படிகள் இவை. ஆகவே எண்ணிற் குறையில்லை. குறை வேறிடத்தில் உள்ளது: சில்லைச் சுழற்றினால் அத்தடத்திலுள்ள எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும், சுருதியும் வளையும். எனவே சுருதியை வேறு தடத்தில் வைத்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி வளைக்கும் முறை 2018 இல் வகுக்கப்பட்டது. 2020 இல் வெளிவந்த இரண்டாம் மிடி, விசையையும் அசைவையும் முன்னையினும் மிக நுண்மையாக எழுத இடந்தருகிறது.

மின்சாரம் புகுந்தாற் கமகம் போய்விடும் என்பதும் முற்றும் உண்மையன்று. மின் மாண்டலினில் இராகங்களை இழைத்துக் காட்டிய உ. சிறீநிவாசை (1969–2014) நம் தலைமுறை கேட்டது. கமகம் கருவியிலன்று, கையிலும் செவியிலும் உள்ளது. குருவினிடம் கேட்டுப் பழகாதவன் கையிற் பதினாறாயிரம் படியிருந்தும் பயனில்லை.

இரண்டாவது காரணம்

தொடக்கத்திற் கூறாது விட்ட காரணத்தை இனிச் சொல்லுதல் வேண்டும். எம் அயலில் முதிய இசையாசிரியர் ஒருவர் வாழ்ந்தார். வாணி விழாவுக்கும் ஊர்க் கோவிலுக்குமென்று அவர் மெட்டமைத்த பாடல்கள் ஏட்டில் இல்லை. அவர் நெஞ்சில் மட்டுமே இருந்தன. மேற்சொன்ன மாணவனும் யானும் சனிக்கிழமை பிற்பகல்களில் அவரிடம் சென்றோம். அவர் பாட, மாணவன் அதனைக் கீபோட்டில் வாசிக்க, கணினி மிடியாக எழுதியது. பதினொரு பாடல்கள் சேர்ந்தன. “குரலையும் பதிவோமா?” என்று மாணவன் கேட்டான். “சுரம் கைக்கு வந்துவிட்டது, குரலைப் பிறகு ஆறுதலாகப் பதியலாம்” என்றேன். அவர் அப்பொழுது இருமிக்கொண்டிருந்தார். வருத்த வேண்டாம் என்றும் நினைத்தேன். அந்த மார்கழியில் அவர் காலமானார்.

முப்பத்தோராம் நாளன்று அப்பாடல்களை வீட்டிலே போட்டோம். ஒரு சுரமும் பிழையில்லை. தாளம் இம்மியும் விலகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவியார் சிறிது நேரஞ்சென்று, “பாட்டெல்லாம் சரி தம்பி, இவற்றை குரல் எங்கை?” என்றார். எனக்கு விடையில்லை. வரிவடிவம் வேறு, ஒலிவடிவம் வேறு என்று இருபது ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லி வந்தவன், வேண்டிய நேரத்தில் அதனை மறந்தேன்.

ஒன்று மட்டும் எஞ்சியது. மாணவனுடைய கைபேசியில், தற்செயலாகப் பதிவாகி, ஒரு நிமிடமும் நிரம்பாத துண்டொன்று இருந்தது. அதில் ஆசிரியர், “இல்லைத் தம்பி, அப்பிடியில்லை, இஞ்சை பார்” என்று திருத்தி, ஓரடியைப் பாடிக் காட்டுகின்றார். சுரங்களுக்கிடையே அவர் குரல் ஏறி இறங்கிய அவ்விடத்தை எந்த எண்ணும் எழுதவில்லை. அத்துண்டைக்கொண்டே, பின்னர் அவருடைய பழைய மாணவி ஒருவர் பதினொரு பாடல்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சுரத்துக்கு மிடி உதவியது; உயிருக்கு அந்தத் துண்டுக் குரல் உதவியது. ஒன்றில்லாமல் மற்றது முழுமையாகாது.

ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் யான் விடுக்கும் வேண்டுகோள் இது. அலுமாரியைத் திறவுங்கள், கீபோட்டைக் கணினியோடு இணையுங்கள், மேற்கூறிய முறைகளை ஒருமுறை செய்து பார்த்தால் அச்சம் தீரும். கருவி அனுப்ப விரும்பும் அன்பர்கள் அதனோடு நல்ல வயரொன்றையும் நல்ல ஒலிவாங்கி ஒன்றையும் அனுப்புங்கள். உங்கள் ஊரிற் பாடல் அறிந்த முதியவர் ஒருவர் உளராயின், அவரிடம் செல்லுங்கள். முதலிற் குரலைப் பதியுங்கள். அதன்பின் சுரத்தை எழுதுங்கள். அடுத்த விடுமுறை வரட்டும் என்று ஒத்திப்போடாது இந்தச் சனிக்கிழமையே செல்லுங்கள்.

மறைந்த யாழைக் கணக்கினால் மீட்க ஒரு பெரியார் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் செலவிட்டார். மறையாதிருக்கும் குரல்களைக் காக்க நமக்கு ஒரு பிற்பகல் போதும்.